இருபத்தைந்து எழுத்து

"குருவே, இருபத்தஞ்சு எழுத்துல ஒரு மனுஷன் என்னத்தச் சொல்லித் தொலைப்பான்?"

ஞானப்பிரகாசம் படியேறிய மூச்சு அடங்குமுன்பே கத்தினார். வயது ஐம்பத்தெட்டு. அவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த குரு மெஹருக்கு அதில் பாதிதான். ஊரார் கடிதம் போட்டு எடுக்கும் கம்ப்யூட்டர் பலகை ஒன்றைத் தன் மாடியில் நடத்துகிறவள். மோடம் பெட்டி வழியாகப் போனில் கூப்பிட்டுக் கடிதங்களைக் கட்டாக இறக்கிக்கொள்ளலாம். போனை வைத்துவிட்டு வீட்டில் படித்து, பதில்களைக் கட்டி ஏற்றலாம். தலைப்புக்கு மட்டும், புள்ளி, கால், சுழி, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி, இருபத்தைந்து எழுத்து. அதற்குள் முழுசாக நுழையாத வார்த்தையை வெட்டிவிடும்.

பதினோரு வருஷம் பேசாத தம்பி அருளப்பன் எழுதியிருந்தான். சோம்பேறி, எல்லாவற்றையும் தலைப்பிலேயே அடித்துவிட்டு உள்ளே காலியாக விட்டிருந்தான்.

"அண்ணா, உன்னை நான் இன்னும்"

அவ்வளவுதான். மறுநாள் செத்துப்போனான்.

"இன்னும் என்ன? மன்னிக்கலையா? மறக்கலையா? வெட்டினத எடுத்துக் குடு."

"வெட்டினது எங்கயும் இருக்காது சார். பதில் போடுங்க."

"செத்தவனுக்கா?"

"நீங்க உயிரோடதானே இருக்கீங்க?"

"பதில் போட்டா முன்னால 'ரீ:' ஒட்டிக்கும். நாலு எழுத்த முழுங்கும். இருக்கிறதும் போயிடுமே!"

மெஹர் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

'என்னடா சொல்ல வந்தே?' என்று அடித்தார். ஏற்றினார்.

மறுநாள் வந்த கடிதக் கட்டுக்குள் பதில் இருந்தது. அருளப்பன் பெயரில். உள்ளே காலி. தலைப்பில் இரண்டு 'ரீ:'. 'இன்னும்' போயிருந்தது. 'நான்' வரை மிச்சம்.

மெஹர் பக்கம் திரும்பினார்.

"நீதானே விளையாடறே?"

"எனக்கு வேற வேலை இல்லையா சார்?"

தம்பி வீட்டுக்கு ஓடினார். கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. போன் லைனை வெட்டி மூன்று நாளாகிறது என்றாள் தம்பி மனைவி.

திரும்பி வந்து அடித்தார். முட்டி வலி, இந்த மாடிப்படி, இந்தப் பெண்ணின் வாய் என்று பத்து வரி.

பதில் வந்தது. நாலு 'ரீ:'. 'அண்ணா' மட்டும் மிச்சம்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இதுக்கும் பதில் போட்டா அதுவும் போயிடும்."

"போகும் சார்."

அடித்தார். அம்மா செத்த அன்று உனக்குத் தந்தி வராதது தபால்காரன் தப்பில்லை, நான்தான் அடிக்கவில்லை, நீ வந்தால் வீட்டில் பங்கு கேட்பாய் என்று பயந்தேன் என்று அடித்தார். மூன்று பக்கம். ஏற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மெஹரே திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ரீ: ரீ: ரீ: ரீ: ரீ: ரீ:

"அவன் சொன்னதுல ஒரு எழுத்துகூட இல்லையேம்மா."

"இன்னும் கேக்கணுமா சார்?"

மெஹர் குனிந்து போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி மேஜைமேல் வைத்தாள்.

மோடம் கீச்சிட்டது.

இருவரும் ஒயரைப் பார்த்தார்கள். மோடம் மறுபடி கீச்சிட்டது.

மெஹர் எழுந்து நாற்காலியை விட்டாள்.

"உங்களுக்குத்தான் சார்."