முதுகு காட்டிய பாடம்

சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றே விழட்டும். கேளுங்கள்.

கொன்றையூரில் ஒரு பெரிய வித்தியாசாலை இருந்தது. அறுபத்து மூன்று படி ஏறினால்தான் வாசல். அறிவு உயரத்தில் இருக்க வேண்டுமாம். தலைமைப் பண்டிதர் சாம்பமூர்த்தி மட்டும் பல்லக்கில் ஏறுவார். அவரிடம் அறிவு ஏற்கெனவே இருக்கிறதே, ஏறி வேறு எதற்கு?

அங்கே ஒரு வழக்கம். பண்டிதர் மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்டபத்து முகப்பிலிருந்த சரஸ்வதி சிலையைப் பார்த்துத்தான் பாடம் சொல்வார். அதுவும் ஒரே தடவை. பாடம் அம்மனுக்கு, பின்னால் இருக்கும் நாற்பது பேர் ஒட்டுக்கேட்டுக்கொள்ளலாம். புரியாதவன் மக்கு. நாற்பதில் முப்பத்தெட்டுப் பேர் வருஷாவருஷம் மக்கு. வித்தியாசாலையின் தரம் அப்படி!

அந்த நாற்பதில் ஒருவன் பொன்னம்பி. வான சாஸ்திரம் படித்தான். பத்து வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வான். முதுகில் ஏது உதடு? மறுநாள் தேர்வு. பண்டிதர் பாடம் சொல்ல, மாணவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். பாவம், நேரே ராஜசபைக்கு ஓடினான்.

"மகாராஜா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் பண்டிதர் என் பக்கம் திரும்பிப் பாடம் சொல்லட்டும்."

சபையில் உட்கார்ந்திருந்த பண்டிதர் குதித்தார். "அம்மனுக்கு முதுகைக் காட்டுவதா? இவனுக்காக இன்று திரும்பினால், நாளைக்கு இன்னொருவன் இரண்டு தடவை சொல்லு என்பான். அப்புறம் எல்லாருக்கும் புரிந்து தொலைக்கும்! வித்தியாசாலையின் மரியாதை என்ன ஆவது?"

ராஜா கண்டீரவன் மீசையைத் தடவினார். "நியாயந்தான். நானே அங்கே மூன்று வருஷம் படித்தவன். யாருக்கும் எந்தச் சலுகையும் கூடாது."

அரசவை விகடகவி விடங்கன் எழுந்தான். "ஆஹா, என்ன தீர்ப்பு! மகாராஜா, அதை அப்படியே எழுதி முத்திரை போட்டுடுங்க. 'வித்தியாசாலைக்குள் யாருக்கும், எந்த உதவியும் கிடையாது.' காவலுக்கு நானே நிக்கிறேன்."

"இவனல்லவா சபையில் ஒரே புத்திசாலி!" என்றார் பண்டிதர். முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் பொன்னம்பி விடங்கனின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்களுமா?"

விடங்கன் அவன் முகத்துக்கு நேரே நின்று கேட்டான். "அது கிடக்கட்டும் தம்பி. காது கேக்காம ரெண்டு வருஷம் எப்படித் தேறினே?"

"அம்மன் சிலைக்குப் பின்னாடி ஒரு சீடர் சுவடியோட உக்காந்திருப்பார் அண்ணே. அவர் முணுமுணுப்பார், பண்டிதர் அதையே உரக்கச் சொல்வார். நான் சீடர் உதட்டைப் பாத்துப் படிச்சேன். தை மாசம் அவரை மறைச்சுத் திரை கட்டிட்டாங்க."

விடங்கன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "போய் நிம்மதியாத் தூங்கு."

மறுநாள் காலை. ராஜாவும் தேர்வைப் பார்க்க வந்துவிட்டார். பண்டிதரின் பல்லக்கு முதல் படியருகே வந்ததும் விடங்கன் குறுக்கே நின்றான். "சாமி, இறங்குங்க."

"ஏனடா?"

"நாலு பேர் தூக்கினா அது உதவி. முத்திரை போட்டாச்சே!"

ராஜா பார்த்துக்கொண்டிருக்கிறார், என்ன செய்வது? பண்டிதர் ஏறினார். இருபதாவது படியில் வேஷ்டியைப் பிடித்தார், நாற்பதில் இடுப்பைப் பிடித்தார், அறுபதில் யாராவது பிடிக்கமாட்டார்களா என்று பார்த்தார். ஒருவழியாக மண்டபத்துக்குள் போய், அம்மனைப் பார்த்து நின்று, தொண்டையைக் கனைத்தார். பேச்சு வரவில்லை. இன்னொரு தடவை கனைத்தார். அம்மன் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்டிதரே, பாடம் எங்கே?" என்றார் ராஜா.

திரைக்குப் பின்னாலிருந்து சீடரின் தோளில் கை போட்டு அழைத்து வந்தான் விடங்கன். "பாடம் இதோ இருக்கு மகாராஜா. பல வருஷமா இவர்தான் எடுத்துக் கொடுக்கிறார். உதவி கூடாதுன்னு நான்தான் வாயைத் திறக்கவிடலை."

பண்டிதரின் முகம் சுண்டிவிட்டது. "வயசாச்சு பிரபு... ஞாபகம் நழுவுது. சுவடி எழுத்தும் கண்ணுக்குத் தெரியலை."

"அதில் தப்பே இல்லை சாமி," என்றான் விடங்கன். "உங்களுக்குக் கண்ணு, அவனுக்குக் காது. அந்த முத்திரை ஓலையைக் கிழிச்சிடுங்க மகாராஜா. சீடர் இவர் பக்கத்திலேயே பகிரங்கமா உக்காரட்டும். பல்லக்கும் நிக்க வேண்டாம். படியேற முடியாத எல்லாருக்கும் ஓடட்டும்."

"சரி, ஆனால் அம்மனுக்கு முதுகு காட்ட முடியாதே!" என்று கடைசியாக ஒரு கிளையைப் பிடித்தார் பண்டிதர்.

"காட்டவே வேண்டாம்," என்ற விடங்கன் எட்டு வீரர்களைக் கூப்பிட்டான். சிலையைத் தூக்கி, மாணவர்களுக்குப் பின்னால், கடைசிச் சுவரோரம் வைத்தார்கள். இப்போது பண்டிதர் அம்மனைப் பார்த்தால், நடுவில் நாற்பது முகம்!

வேறு வழியில்லாமல் பாடம் நடந்தது. பொன்னம்பி ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னான். அது பரவாயில்லை, நல்ல காது உள்ள முப்பத்தொன்பது பேரும் சொல்லிவிட்டார்கள்! "நாற்பது பேரும் தேறினால் இது வித்தியாசாலையா, சத்திரமா?" என்று பண்டிதர் தலையில் கை வைத்தார்.

ராஜா விடங்கனை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏன்யா, இங்கே மூணு வருஷமும் எனக்கு ஒண்ணும் புரியலை. நான் மக்குன்னே நினைச்சிட்டிருந்தேன். அப்போ நான் மக்கு இல்லையா?"

"அவசரப்படாதீங்க மகாராஜா. இத்தனை நாள் பழியைப் போட அந்த முதுகு இருந்தது. இனிமே உக்காந்து படிச்சாத்தான் தெரியும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்றது. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து விடங்கனுக்குப் போர்த்திவிட்டு, பொன்னம்பியின் பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

இதை நான் சொன்னதாக மட்டும் எங்கேயும் மூச்சு விடாதீர்கள். பேத்தி கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அங்கே இன்னும் கரும்பலகையைப் பார்த்துத்தான் பாடம் நடத்துகிறார்களாம்.