கருஞ்சடையனின் முடியும் செம்பாயியின் அரிவாள்மனையும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, கடலோரத்தில், ஒரு பாறையின் அடியில் ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கத்திப் பைத்தியம். மாப்பிள்ளை பார்க்கப் போனால்கூட நிலம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டுக் கத்தி நேரா, வளைவா, அகலமா என்றுதான் கேட்பார்கள். ஏன் அந்த வடிவம் என்று பொழுது சாயும்வரை வாதாடுவார்கள்.

ஊருக்கு மேலே, பாறை உச்சியில், கருஞ்சடையன் என்ற மந்திரவாதி இருந்தான். ஓர் அமாவாசையில் அவன் தலைமுடி நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். யாராவது ஒருவருடைய கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். அவிழ்க்க முடியாது, எரிக்க முடியாது. அடுத்த அமாவாசை உச்சிவெயிலில் அவன் அந்த முடியைக் கையால் பிடித்து இழுப்பான். இழுபட்டுப் போனவர் பாறைமேல் ஒரு கல்லாக நிற்பார். அப்படி முப்பத்தொன்பது கல் நின்றது.

அறுத்துவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் வினை. அந்த முடியை எந்தக் கை அறுக்கப்போகிறதோ, அந்தக் கை முதலில் விழும். அவன் வைத்த மந்திரம் அப்படி.

நாற்பதாவதாக முடி சுற்றியது தும்பையின் காலை. ஏழு வயதுப் பிள்ளை. சந்தையில் மீன் அறுத்துக் கொடுக்கும் செம்பாயிக்கு ஒரே மகள். அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது, பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று முதலில் வந்தவன் இளவரசன் இந்திரசேனன். அவனிடம் இருந்தது நேரான குறுவாள். இரண்டு பக்கமும் கூர், ஊசிபோல முனை.

"நேர்க் கத்திதான் கத்தி. நினைத்த இடத்தில் இறங்கும். மந்திரம் கண் விழிப்பதற்குள் முடி அறுந்திருக்கும்" என்றான்.

ஓங்கினான். கை விழுந்தது. முடி அப்படியே கிடந்தது.

இரண்டாம் நாள் பனையேறி மாடக்கண்ணு பாளை சீவும் அரிவாளோடு வந்தான். "நேர்க் கத்தி வழுக்கும் தாயி. வளைஞ்சதுதான் புடிச்சு இழுக்கும், நழுவ விடாது."

ஓங்கினான். கை விழுந்தது. முடி அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் கறிக்கடை வீரபத்திரன் முறம் அகலக் கத்தியோடு வந்தான். "அகலக் கத்திக்குக் கனம் உண்டு. பாதி வேலைய அதுவே பாத்துக்கும். நான் தூக்கிப் போட்டா போதும்."

ஓங்கினான். கை விழுந்தது. முடி அப்படியே கிடந்தது.

மூவரும் நல்லவர்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது அந்தப் பிள்ளைக்காக வந்தவர்கள்.

நாலாம் நாள் அமாவாசை. செம்பாயி மகளோடு, தன் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு பாறையடி மணலுக்கு வந்தாள். பலகையில் நட்டுவைத்த, உட்காருபவளைப் பார்த்துக் கூர் திரும்பிய கத்தி.

கூட்டத்தில் ஒருவன், "இளவரசர் வாளே எடுபடலே. அடுப்பங்கரைச் சாமானைக் கொண்டாந்து என்ன செய்யப் போறே?" என்றான்.

"உங்க கத்தியப் புடிக்க ஒரு கை வேணும். இதுக்குக் கால் போதும். ரெண்டு கையும் மீனுக்கு. அதனாலதான் எனக்கு இது புடிக்கும்" என்றாள்.

உட்கார்ந்தாள். பலகையை வலது காலால் அழுத்திக்கொண்டாள். மகளைக் கத்திக்கு அந்தப் பக்கம், பாறைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். மகள் காலிலிருந்து வந்த முடியைக் கத்தியின் கூரைச் சுற்றி ஒரு வளையமாகப் போட்டு, மீதியைப் பாறைப் பக்கமே விட்டாள். இனி முடியைக் கூரில் தள்ளினால் போதும். தள்ளக் கை வைத்தவள், நிறுத்திவிட்டாள்.

இத்தனை வருஷமும் அவள் கத்தி அசைந்ததே இல்லை. மீனைக் கொண்டுபோய்க் கொடுத்த கைதான் அறுத்தது. அப்படியானால் இப்போது தள்ளுகிற கைதானே அறுக்கிற கை? மகளுக்காகக் கை போனால் போகட்டும் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் மூன்று கை விழுந்தும் முடி அறவில்லையே.

செம்பாயி இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தும்பை, நீயும் கையக் கட்டிக்கோ. என்ன ஆனாலும் எதையும் புடிக்காதே."

"உன்னையுமா?"

"என்னையும்தான் கண்ணு."

வெயில் உச்சிக்கு வந்தது. மேலிருந்து கருஞ்சடையன் குரல் கொடுத்தான். "என்ன செம்பாயி, தள்ளலையா? நாலாவது கை எங்கே?"

"தள்ள மாட்டேன்."

"பயமா?"

"ஆமா, பயம்தான்."

அவன் சிரித்துக்கொண்டே இழுத்தான். முதல் இழுப்பில் முடியின் தொய்வு போயிற்று. இரண்டாம் இழுப்பில் தும்பை மணலில் சறுக்கிக் கத்திப் பக்கம் வந்தாள். "அம்மா, புடிச்சுக்கோயேன், அம்மா" என்று அழுதாள். செம்பாயியும் அழுதாள். ஆனால் பிடிக்கவில்லை. பிடித்தால் அதுவும் அறுக்கிற கையாகிவிடுமே. பெற்றவள் மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். அவள் பட்ட பாட்டை, கை விழுந்த மூன்று பேரும்கூடப் பட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் இழுப்பு. முடி கூரில் அழுந்தியது. அறுக்கப்போகிற கை எது என்று மந்திரம் தேடியது. பலகையை அழுத்தியிருந்தது கால். அம்மாவின் கை மடியில். பிள்ளையின் கை மார்பில். இழுத்துக்கொண்டிருந்த கை ஒன்றே ஒன்றுதான்.

பாறை உச்சியில் கருஞ்சடையனின் கை விழுந்தது. கையோடு மந்திரமும் போயிற்று, முடி வெறும் முடியாயிற்று. அவன் மல்லாந்து மறுபக்கம் சரிய, அந்த வேகத்தில் முடி கூரில் இழுபட்டு அறுந்தது. கடலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

முப்பத்தொன்பது கல்லும் கண் விழித்து, தள்ளாடிக்கொண்டு கீழே இறங்கின. அழுதுகொண்டே ஜனங்கள் ஓடினார்கள். அந்த மூன்று பேரின் கை மட்டும் திரும்பி வரவில்லை. ராஜா அந்தப் பாறையையும் கடற்கரையையும் செம்பாயிக்கே கொடுத்தார். அவள் அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ. அப்போதுதான் மகளைக் கையால் பிடித்திருந்தாள். பிடித்தவள் இரண்டு நாள் விடவில்லை. அக்கம்பக்கத்தார்தான் சோறு ஊட்டினார்கள்.

தும்பை வளர்ந்து, கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுத்து, பல் போன கிழவியாகித் தன் வீட்டுப் பாயில் படுத்தபடி செத்தாள். நான் சொல்ல வந்த நல்ல சேதி அதுதான்.