போகும்போது ஒரு மீன், வரும்போது மூன்று

தை மாதத்தின் கடைசி நாள், மாலை நான்கு மணி. வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. வடக்கேயிருந்து வீசிய வாடைக்காற்று மட்டும் ஆலடிக்குளத்து நீரைச் சுருக்கம் சுருக்கமாக மடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குளத்தில் வரித்தலை வாத்து இணை ஒன்று குளிர்காலத்தைக் கழித்துவந்தது. ஆணின் பெயர் செம்பாதன்; பெண்ணின் பெயர் வரிமுகி. இமயத்துக்கு அப்பாலுள்ள ஓர் ஏரிதான் அவற்றின் சொந்த ஊர். அந்த ஏரியின் நடுவே சின்னஞ்சிறு தீவு ஒன்று உண்டு. பனி உருகும் வேளையில் முந்தி வரும் வாத்துகளுக்கே அதில் கூடு கட்ட இடம் கிடைக்கும். சென்ற ஆண்டு இவை பிந்திப் போயின; கரையில் இட்ட முட்டைகளை நரி தின்றுவிட்டது.

"நாளைக் காலையிலேயே புறப்படுவோம்!" என்றது செம்பாதன். "வரும்போது பௌர்ணமியன்று கிளம்பினோம், அமாவாசைக்குள் இங்கே இறங்கிவிட்டோம். அதே தூரம், அதே சிறகு! போவதற்கும் அரை மாதம்தானே?"

வரிமுகிக்கும் அவசரந்தான். நரி மென்று துப்பிய முட்டை ஓடுகள் இன்னும் அதன் கண்ணைவிட்டு அகலவில்லை. ஆயினும் மனத்துக்குள் ஒரு கேள்வி குறுகுறுத்தது. தூரம் ஒன்றே என்றால், நேரமும் ஒன்றேதானா?

"பறந்துதான் பார்ப்போமே! இந்த வடகரை மடையிலிருந்து தென்கரைக் கருவேல மரத்துக்குப் போவோம். பிறகு அங்கிருந்து திரும்பி வருவோம்."

"விளையாட உனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா?"

"ஏன், என்னிடம் தோற்றுவிடுவோம் என்று பயமா உங்களுக்கு?"

செம்பாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வா, பார்த்துவிடலாம்!"

மடையோரம் கூழைக்கடா ஒன்று சாவகாசமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே! நாங்கள் மரத்தை எட்டுவதற்குள் எத்தனை மீன் விழுங்குகிறீர்கள், திரும்பி வருவதற்குள் எத்தனை என்று எண்ணிச் சொல்வீர்களா?" என்று கேட்டது வரிமுகி.

"தின்பதே ஒரு வேலையா! பறங்கள், பறங்கள்!"

தெற்கே போகையில் வாடை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. திரும்புகையில் அதே காற்று மார்பில் மோதியது. மடையில் இறங்கியபோது இரண்டுக்கும் மூச்சு வாங்கியது.

"போகும்போது ஒரு மீன், வரும்போது மூன்று! இன்னொரு தடவை பறக்கிறீர்களா? எனக்கு ஆட்சேபணை இல்லை!" என்றது கூழைக்கடா.

"பார்த்தீர்களா?" என்றது வரிமுகி. "நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்ததில் வாடைக்கும் பங்கு உண்டு. இப்போது அதற்கு எதிரே போனால், உடம்பிலுள்ள கொழுப்பு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கட்டும். அதுவரை வயிறார மேய்வோம்."

"குளத்துக் காற்றை வைத்து இமயத்துக்கு வழி சொல்கிறாயா? நரிக்கு இன்னொரு விருந்து வைக்க எனக்கு விருப்பமில்லை!"

மறுநாள் காலை செம்பாதன் தனியே கிளம்பியது. வாடையோடு மல்லுக்கட்டி, பக்கத்து ஊர்க் குன்றைத் தாண்டுவதற்குள் சிறகு ஓய்ந்தது. வேறு வழியின்றித் திரும்பியது. திரும்பும் பயணமோ கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது! அது கரையிறங்கிப் புல் மேயத் தொடங்கியது. வரிமுகி இளம்புல் இருந்த பக்கத்திலிருந்து சற்றே நகர்ந்து இடம் விட்டது. கூழைக்கடா, யாரும் எண்ணச் சொல்லாமலே, "ஒன்று!" என்று சொல்லி அன்றைய முதல் மீனை விழுங்கியது.

பயணத்துக்கு ஆகும் காலத்தைக் கணிப்பவர், தூரத்தோடு எதிர்க்காற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும்.