கூகைக் குஞ்சுகளுக்கு இரை

குழந்தைவேலு மடத்தில் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குரு அறவாழிக்கு முப்பத்தாறு. காலமெல்லாம் சேற்றில் உழன்ற மனுஷர் என்பதால் மடத்து நெல்வயலை அவர் பொறுப்பில் விட்டிருந்தார் குரு. விதித்தது ஒன்றே ஒன்று: வயலுக்குள் விஷம் வரக் கூடாது.

பயிர் பொதி கட்டிக் கதிர் தள்ளும் நேரம் பார்த்து எலி புகுந்தது. குரு சொன்னபடி குழந்தைவேலு வயல் நெடுகப் பனைமட்டைகளை நட்டு வைத்தார். பழைய மண்டபத்துப் பொந்தில் குடியிருந்த கூகை ஆந்தை ஜோடி, அந்தி சாய்ந்ததும் மட்டையில் வந்து உட்கார்ந்து எலி பிடித்தது. அபசகுனம் என்று ஊரே முகம் சுளிக்கும் பறவை. குழந்தைவேலுவுக்கும் அதன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை.

“தினம் நூறு பேருக்குச் சாப்பாட்டு இலை விழுற மடம், சாமி. ரெண்டு பறவையை நம்பி எப்படி இருக்கிறது?”

“இன்னும் பத்து நாள் பாருங்கண்ணே,” என்றார் குரு.

குழந்தைவேலு ஐந்து நாள் பார்த்தார். ஆறாம் நாள் யாருக்கும் தெரியாமல் பொரியில் எலிமருந்தைப் பிசைந்து வளைக்கு வளை வைத்தார்.

மறுவாரம் பனைமட்டைக்குக் கீழே கூகைகள் இரண்டும் செத்துக் கிடந்தன.

குழந்தைவேலு ஓடிவந்து குருவின் காலில் விழுந்தார். “நான்தான் சாமி மருந்து வெச்சேன். என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க.”

குரு ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்டபத்துக்குப் போய்ப் பொந்துக்குள் கைவிட்டு, மூன்று குஞ்சுகளை எடுத்துக் கூடையில் வைத்து அவரிடம் நீட்டினார்.

“பசியா இருக்குதுங்க.”

அதன் பிறகு குழந்தைவேலுவுக்கு வேறு வேலை ஓடவில்லை. வரப்போரம் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடித்தார். துண்டு துண்டாக நறுக்கி ஊட்டினார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவர் அப்படி ஊட்டியதில்லை. அவர் காலடிச் சத்தம் கேட்டாலே மூன்றும் சீறிக்கொண்டு வாயைப் பிளந்தன.

நான்காம் நாள் ஒரு குஞ்சு எழுந்திருக்கவில்லை. ஆறாம் நாள் இன்னொன்று போனது. அதன் அலகோரம் ரத்தம் கசிந்திருந்தது. மனுஷர் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மிஞ்சிய ஒன்றை மடியில் ஏந்திக்கொண்டு, மறு கையில் எலியோடு குருவிடம் வந்தார்.

“ஊட்டவே கை வரலை சாமி. அடுத்த ஊர் வயல்ல போய்ப் பிடிச்சிட்டு வரட்டுமா?”

“அங்கெல்லாம் வருஷா வருஷம் மருந்துதான். அதனாலதானே அந்தப் பெரிய கூகைங்க ரெண்டும் நம்ம வயலுக்கு வந்துச்சுங்க.”

குழந்தைவேலு கையிலிருந்த எலியைக் குருவிடம் நீட்டினார். மடியில் குஞ்சு பசியில் சீறியது.

“இந்த எலி மருந்து தின்னதா இல்லையான்னு எப்படி சாமி தெரிஞ்சுக்கிறது?”

குரு எலியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

“இந்தக் குஞ்சைப் பெத்தவளுக்கும் அது தெரியலையே அண்ணே.”