மொய் மேசையில் ஒரு கடன்

வட்டிக்குக் கொடுக்கும் சிங்கராசுவிடம் தன் கிணற்றுத் தோட்டத்தை அடமானம் வைத்திருந்தாள் இட்லிக்கடை ஒச்சம்மா. முதல் தடவை சேர்த்த பணம், காற்று பிய்த்த கூரைக்குப் போனது. அடுத்த தடவை சேர்த்தது புருஷனின் கால்முறிவுக்குப் போனது. ஒருவழியாக முழுப்பணத்தையும் சேர்த்து எடுத்துப்போனால், சிங்கராசு வாங்க மாட்டேன் என்றார். அவருக்கு அந்தக் கிணற்றின் மேல் கண்.

"இன்னைக்கு அஷ்டமி" என்றார். மறுநாள் நவமி. அதற்கப்புறம் போனால் ராகுகாலம்.

கெடு முடிகிற அன்று அவர் மகளுக்குக் கல்யாணம். "கல்யாண வீட்டுல கடன் பேச்சா? நாளைக்கு வா" என்றார். நாளைக்குத் தோட்டம் அவருடையது.

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மா நேராக மொய் எழுதும் மேசைக்குப் போய்ப் பணத்தைக் கொட்டினாள். மொய் எழுதுகிறவர் எண்ணி முடித்து, அவள் சொன்னபடியே மைக்கில் வாசித்தார். "இட்லிக்கடை ஒச்சம்மா, தோட்டத்து அடமானக் கடன், அசலும் வட்டியும் முழுசா அறுபத்திரண்டாயிரம்."

பந்தலே திரும்பிப் பார்த்தது. சிங்கராசு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். கூடவே சம்பந்தியும் வந்தார்.

"இப்ப எதுக்கு இது?" என்றார் சிங்கராசு.

"நேரம் சரியில்லைன்னுதானய்யா இத்தனை நாள் வாங்கல. இது நீங்களே பார்த்துக் குறிச்ச முகூர்த்தம்."

இதையும் கெட்ட நேரம் என்று சம்பந்தி முன்னால் சொல்ல முடியுமா? வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பத்திரத்தை வரவழைத்துக் கொடுத்தார்.

அதை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒச்சம்மா தனியாக நூற்றியொரு ரூபாயை நீட்டினாள்.

"இதுதான் என் மொய். என் மக கல்யாணத்துக்குத் திருப்பிச் செஞ்சாப் போதும். வட்டி வேண்டாம்."