பக்கம் ??

குருவுக்கு இருபத்தேழு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்பது. இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு.

மலை உச்சியில் இருந்த நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் அருள்தாசன் தனியாள். கூட இருந்தவரை மாற்றிய பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஓய்வு பெறும் முன் கருவிகளின் பராமரிப்புக் கையேட்டை எழுதித் தர வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. லினக்ஸ் கணினியில், லேடெக்கில்தான் எழுத வேண்டுமாம். எழுத்தையும் கட்டளைகளையும் அடித்துக் கொடுத்தால் லேடெக் அதை அச்சுப் புத்தகமாகக் கோத்துத் தரும். அதைக் கற்றுக்கொடுக்க வியாழக்கிழமைதோறும் சாமான் ஜீப்பில் நஸ்ரின் வருவாள். அவளை வாய் நிறைய டீச்சர் என்று கூப்பிடுவார். மற்ற ஆறு நாளும் கூப்பிட அங்கே ஆளே கிடையாது.

அந்த வியாழன் டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"டீச்சர், பாடத்துக்கு வெளியே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகல. அவளே பார்த்துக்கிட்ட மாப்பிள்ளைன்னு வீம்பு. நாலு வருஷமா பேச்சு இல்ல. போன மாசம் மனசு கேக்காம 'நல்லா இருக்கியாம்மா'ன்னு போன்ல ஒரு வரி அனுப்பினேன். பார்த்துட்டா. பதில் இல்ல."

நஸ்ரின் டீயைக் குடித்தாள்.

"ஒரு தடவை கேட்டாச்சு. இனி விட்டுடறதுதானே மரியாதை? நம்பரை அழிச்சிடலாம்னு இருக்கேன்."

"கையேடு முடிஞ்சுதா சார்?"

நான் என்ன கேட்கிறேன், இவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் குருவாயிற்றே.

"முடிஞ்சுது. பக்க எண்ணை எங்கயும் கையால போடல. நீங்க சொன்னபடி அந்தந்தப் பகுதியோட பேரை மட்டும் குடுத்திருக்கேன். அதுவே பக்கத்தைத் தேடிப் போட்டுக்கும்னீங்களே."

"ஓட்டுங்க."

கட்டளையை அடித்து என்டரைத் தட்டினார். திரையில் வரிகள் கடகடவென்று ஓடி நின்றன. கையேடு திறந்தது.

'மின்கலம் மாற்றும் முறைக்குப் பக்கம் ?? பார்க்கவும்.'

அடுத்த தாளிலும் அப்படியே. எங்கெல்லாம் பக்க எண் வர வேண்டுமோ அங்கெல்லாம் இரண்டு கேள்விக்குறிகள். மூன்று மாதமாகத் தனியாக உட்கார்ந்து எழுதியது.

"எங்க தப்பு பண்ணினேன்?"

"தப்பு இல்ல சார். மறுபடி ஓட்டுங்க."

"எதை மாத்தணும்?"

"ஒண்ணையும் மாத்தாதீங்க."

நம்பிக்கை இல்லாமல்தான் தட்டினார். பக்கம் 31. பக்கம் 12. பக்கம் 47. எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன.

"அதே எழுத்துதானே டீச்சர்? முதல் தடவையே சொன்னா என்னவாம் இதுக்கு?"

"முதல் தடவை கேக்கும்போது எது எங்க இருக்குன்னு அதுக்கே தெரியாது சார். குறிச்சு மட்டும் வச்சுக்கும்."

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. நஸ்ரின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அருள்தாசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகளின் பெயருக்குக் கீழே அந்த ஒரு வரி மட்டும் கிடந்தது.

"டீச்சர்..."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"இந்தத் தடவை என்னன்னு எழுதட்டும்?"

"மாத்தாதீங்கன்னு சொன்னேனே சார்" என்றாள் நஸ்ரின்.