மூளை கொசுறாக வந்த கதை

எங்கள் காய்கறிச் சந்தைக் கட்டடத்துக்காரர் வாடகையை ஏற்றப்போகிறாராம். மறுநாள் அவரிடம் பேச ஒரே ஒரு ஆள் போகலாம். கோவில்பட்டியில் பேரம் என்றால் தங்கப்பழம், தங்கப்பழம் என்றால் நான். இதில் கூட்டம் போட்டு யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் வாழையிலைக் கடை ஆவுடையப்பன் எழுந்து, "அண்ணாச்சிக்குக் கோவம் சாஸ்தி. வேற ஆளைப் பாப்போம்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏலேய், போன ஐப்பசியில ஒரு மேகம் எட்டயபுரத்துல மட்டுந்தான் பெய்வேன்னுச்சு. 'உன் மழையை நீயே வச்சுக்கோ'ன்னு திரும்பி நடந்தேன். சாத்தூர் வரைக்கும் 'அண்ணாச்சி, அண்ணாச்சி'ன்னு அழுதுகிட்டே பின்னாடி வந்துச்சு. அந்தக் கண்ணீர்லதான்ல நீங்க எல்லாம் நனைஞ்சீக!"

கீரைக்காரி செல்லக்கனி கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தபடி, "காலையில சாப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்றாள்.

"சிரிக்காத தாயி. மழை எல்லாம் சில்லறை யாவாரம். மனுசனுக்கு மூளை வந்ததே என் பேரத்துலதான்!"

"அப்போ உங்களுக்கு முந்திப் பொறந்தவனுக்கு எல்லாம் மூளை இல்லையா?" என்றான் ஆவுடையப்பன்.

"நீ சரித்திரம் படிச்சதே இல்லையால?"

அவன் அடுத்த கேள்வி கேட்க நான் விட்டேனா?

"பொறக்குறதுக்கு முன்னாடி படைக்கிறவன் கடையில வரிசையில நிக்கேன். யானை தும்பிக்கையை வாங்கிட்டுப் போயிருச்சு. புலி நகத்தை அள்ளிருச்சு. என் முறை வரும்போது மிச்சம் கெடந்தது ரெண்டு காலு, ஒரு தொப்பை. வாலு இல்ல, கொம்பு இல்ல. 'என்ன வெல?'ன்னேன். 'ஒரு சாவு'ன்னான்.

"பத்திக்கிட்டு வந்துச்சு. 'யானைக்கும் ஒரு சாவு, ஈசலுக்கும் ஒரு சாவு, இந்தச் சொத்தைச் சரக்குக்கும் அதே சாவா? கடையா நடத்துற?'ன்னு வாசப்படி தாண்டிட்டேன். கைதட்டிக் கூப்பிட்டான். 'வெலையில குறைக்க முடியாது, கொசுறு தாரேன்'னு மூலையில கெடந்த ஒண்ணைத் தூக்கிப் போட்டான். அழுகுன காலிஃபிளவர் மாதிரி சுருங்கிக் கெடந்துச்சு. யானை மோந்து பாத்துட்டு, தூங்க விடாதுன்னு வச்சுட்டுப் போன சரக்கு. அதாம்ல மூளை!"

"கொசுறா?" என்றான் ஆவுடையப்பன்.

"பின்னே? கொசுறுல வந்ததாலதான் அது இன்னைக்கும் 'இன்னுங் கொஞ்சம் போடு'ன்னே கேக்குது. சக்கரம் கெடச்சுது, மனுசன் ரயிலு கேட்டான். ரயிலு வந்துச்சு, ஏரோப்ளேன் கேட்டான். நிலாவுல எறங்கியும் பாத்துட்டான், அடுத்த கிரகத்துக்குக் கையை நீட்டுதான். முன்னேற்றம் முன்னேற்றம்ங்கியே, அது வேற என்னல? பை நிறைஞ்ச பெறகும் கொத்தமல்லிக்கு நிக்கிறதுதான்!"

செல்லக்கனி நிமிர்ந்தாள். "அவ்வளவு கேட்டீகளே, கொஞ்சம் நிம்மதியும் கேட்டு வாங்கியிருக்கலாம்லா?"

"கேக்காம இருப்பனா? ஸ்டாக் இல்லைன்னுட்டான். எருமை முந்தியே வந்து மொத்தமா அள்ளிட்டுப் போயிருச்சாம்."

சந்தையே குலுங்கிச் சிரித்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "படைச்சவனையே மடக்குனவன் நான். கட்டடத்துக்காரன் எம்மாத்திரம்? இப்பச் சொல்லுங்க, யாரை அனுப்பப் போறீக?" என்றேன்.

ஆவுடையப்பன் செல்லக்கனி பக்கம் திரும்பினான். செல்லக்கனிதான் தீர்ப்புச் சொன்னாள்.

"அண்ணாச்சியே போகட்டும். பேரம் ஒண்ணும் பேச வேண்டாம். இந்தக் கதையை மட்டும் சொல்லட்டும். பாதி கேக்குறதுக்குள்ள அந்த மனுசன் கட்டடத்தையே நம்ம பேருக்கு எழுதிக் குடுத்துட்டு ஓடிருவாரு."